அது மேயின் செருப்பு இல்லை

அன்புள்ள ஐயா,

நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துத்தான் ‘மை நெய்பர் டோட்டோரோ’ என்ற ஜப்பான் கார்ட்டூன் படத்தை என் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். இப்போது எட்டு வயது. நூறு தடவையாவது பார்த்திருப்பாள். பொங்கலுக்கு எல்லாரும் தேவகோட்டை வீட்டில் கூடியிருந்தபோது, சென்னையில் காலேஜ் படிக்கும் என் அண்ணன் மகன் அவளை வளவில் உட்காரவைத்து ஒரு கதை சொல்லியிருக்கிறான். அதில் காட்டில் இருக்கும் அந்தப் பெரிய டோட்டோரோ எமனாம். சின்னவள் மே குளத்தில் விழுந்து செத்துவிட்டாளாம், அவளைத் தேடிப்போன அக்கா சட்சுகியும் செத்துவிட்டாளாம். அதனால்தான் கடைசியில் இரண்டு பேருக்கும் நிழல் விழவில்லையாம். ஜப்பானில் நடந்த ஒரு கொலையைத்தான் இப்படி மறைத்து எடுத்திருக்கிறார்களாம். அன்றிலிருந்து அவள் படத்தைப் போடச் சொல்வதில்லை. ராத்திரி லைட்டை அணைத்ததும், “மே நெசமாவே செத்துப்போச்சாம்மா?” என்கிறாள். நான் என்ன சொல்ல? அவன் சொன்னதில் ஏதாவது உண்மை இருக்கிறதா? என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள தேவகோட்டை வாசகிக்கு,

சாகவில்லை. முதலில் இதை அவளிடம் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

அண்ணன் மகனைத் திட்டாதீர்கள். அவன் கட்டிய கதை இல்லை இது, பல வருஷமாக உலவுகிறது. படத்தை எடுத்த ஸ்டுடியோ ஜிப்லியே 2007 மே மாதம் வாய் திறந்து மறுத்துவிட்டது. டோட்டோரோ எமனும் இல்லை, மே சாகவும் இல்லை, நிழல் தேவையில்லை என்று தோன்றியதால் வரையவில்லை என்று சொன்னார்கள். கையால் வரையும் படத்தில் நிழல் தானாக விழாது, ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டும். சொன்னால் கேட்பார்களா? “பின்னே, ஒத்துக்கொள்வார்களா?” என்று அந்த மறுப்பையே இன்னொரு சாட்சியாக்கிக்கொண்டார்கள். அரண்டவன் கண்ணுக்குத்தான் இருண்டதெல்லாம் பேய். இவர்கள் அரளாதவர்கள், பேய் பார்க்க வேண்டும் என்று விளக்கை அணைக்கிறவர்கள்.

கொலை நடந்தது உண்மை. 1963 மே 1-ம் தேதி, சயாமா என்ற ஊரில் பதினாறு வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி கொல்லப்பட்டாள். படம் நடப்பதும் சயாமா குன்றுகளின் பக்கம்தான். ‘சட்சுகி’ என்பது ஐந்தாம் மாதத்துக்கு ஜப்பானில் வழங்கிய பழைய பெயர், ‘மே’யும் அதே மாதம். முடிச்சுப் போட இது போதாதா? ஆனால் படத்தின் காலம் 1950-கள், கொலைக்கு முந்தியது. பெயர்ப் பொருத்தத்துக்குக் காரணமும் வேறு. படத்தை இயக்கிய மியாசாகி முதலில் யோசித்தது ஒரே ஒரு பெண் பிள்ளையை, பிறகுதான் அவளை அக்கா தங்கையாகப் பிரித்தார். பழைய போஸ்டரைப் பாருங்கள். பஸ் ஸ்டாப்பில் டோட்டோரோ பக்கத்தில் குடையோடு நிற்பவள் ஒருத்திதான். சட்சுகி மாதிரியும் இருப்பாள், மே மாதிரியும் இருப்பாள்.

இதில் எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்தக் கொலை வழக்கில் கைதானவர் புராக்குமின் என்ற, காலம் காலமாக ஒதுக்கிவைக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த 24 வயது இளைஞர். 1964-ல் தூக்கு என்று தீர்ப்பு, 1974-ல் அது ஆயுள் தண்டனை, 1994-ல்தான் பரோலில் வெளியே வந்தார். நான் செய்யவில்லை என்று கடைசி வரை சொன்னார். பிறப்பைப் பார்த்து ஆளைச் சந்தேகிப்பது என்னவென்று நம் ஊருக்குத் தெரியாதா? கார்ட்டூனுக்கு மசாலா தூவ மட்டும் சயாமா வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்தக் கற்சிலைகள். அவன் சொல்லியிருக்காவிட்டால் அடுத்த லீவில் சொல்வான். தொலைந்துபோன மே வழியோரத்தில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் வரிசையாகச் சிறு சிலைகள் இருக்கும். ஜிசோ என்ற அந்தத் தெய்வம் இறந்த குழந்தைகளுக்குக் காவல், ஆகவே மே இறந்துவிட்டாள் என்பது வாதம். ஜிசோ வழிப்போக்கர்களுக்கும் காவல்தான். நம் பக்கம் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் நிற்கிறதே, பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது. தலைச்சுமையை அதில் இறக்கிவைத்து நின்றவர்கள் எல்லாம் பேயா? எமன் கதையும் இப்படித்தான். காட்டில் இருக்கிறது, உருவம் பெரிது, பல் பெரிது, கூப்பிட்டால் வருகிறது. பல்லையும் முழியையும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நம் அய்யனார் கோயில்களில் அரிவாளோடு நிற்கும் கருப்பர் என்ன ஆவது? பாதி ஊர் அவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்திருக்கிறது.

உங்கள் அண்ணன் மகனுக்கு நான் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வேன். 1988 ஏப்ரலில் டோட்டோரோ தனியாக வெளியாகவில்லை. அதே ஸ்டுடியோ, அதே நாள், அதே டிக்கெட்டில் இன்னொரு படமும் ஓடியது. தகஹாட்டா இயக்கிய ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’. போர்க்காலத்தில் ஓர் அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகிற கதை. அண்ணன் செத்துவிட்டான் என்பதை முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிற படம் அது. பிள்ளைகளின் சாவை இப்படி வெட்டவெளிச்சமாகக் காட்டத் துணிந்தவர்கள், பக்கத்துப் படத்தில் மட்டும் அதைக் குளத்தில் கிடைத்த ஒரு செருப்பிலும் நிழலிலும் ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

இருட்டே இல்லாத படம் என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, நட்ட நடுவில் எல்லாரும் பார்க்க இருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில். என்ன நோய் என்று படம் சொல்வதில்லை. மியாசாகியின் சொந்த அம்மா முதுகெலும்புக் காசநோயால் பல வருஷம் படுக்கையில் கிடந்தவர். படத்தில் ஒருநாள் தந்தி வருகிறது.

தந்தி என்றால் உங்கள் மகளுக்குத் தெரியாது. எனக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு ஐந்து. காரைக்குடியிலிருந்து எட்டு மைல் உள்ளே எங்கள் ஊர். அம்மா மதுரைப் பக்கம் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்போதெல்லாம் தந்தி என்றால் சாவு, ஊருக்குள் அந்தச் சைக்கிள் நுழைந்தாலே பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அது எங்கள் வீட்டு முன்னால் நின்றது. அப்பத்தா தாளைப் பிரிக்கக்கூட இல்லை, மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். ஒப்பாரியில் அம்மா பெயர் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தெற்கு வீட்டு வாத்தியார் ஓடிவந்து படித்தார். காய்ச்சல், சனிக்கிழமை அனுப்பவில்லை, அடுத்த வாரம். அவ்வளவுதான். அப்பத்தா மூக்கைச் சிந்திவிட்டு உலை வைக்கப் போனாள். தங்கச்சி மட்டும் “சனிக்கிழமைன்னீங்களே” என்று தரையில் உருண்டாள். நான் அவளை அறைந்தேன். கன்னத்தில் விரல் பதிந்தது. இன்றைக்கும் போனில் சண்டை வந்தால் அந்த அறையைச் சொல்லிக்காட்டாமல் வைக்க மாட்டாள்.

சட்சுகி அறைவதில்லை, கத்துகிறாள். அம்மா செத்துப்போனாலும் உனக்குப் பரவாயில்லையா என்று நாலு வயதுத் தங்கையிடம் கேட்கிறாள். அப்புறம் பக்கத்து வீட்டுப் பாட்டி முன்னால், அம்மா செத்துவிட்டால் என்ன செய்வது என்று வாய்விட்டு அழுகிறாள். அதுவரை வீட்டுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவள். மே காணாமல்போய்த் தேடும்போது குளத்தில் கிடைத்த செருப்பை அந்தப் பாட்டி நடுங்கும் கையில் ஏந்தி நிற்க, மூச்சிரைக்க ஓடிவந்து பார்த்துவிட்டு, இது மேயுடையது இல்லை என்கிறாள். எங்கள் வீட்டில் வாத்தியார் தந்தியைப் படித்து முடித்த நிமிஷம்தான் அது. அவள் பொய் சொல்கிறாள் என்று வாதாடுகிறவர்களுக்கு அந்த நிமிஷம் கைநழுவிப் போகிறது. எல்லாரும் ஏற்கெனவே செத்தாயிற்று என்றால் யாருக்காகப் பதற வேண்டும்? துப்பறிந்தால் போதும்.

உங்கள் தெருவிலேயே பூட்டிக்கிடக்கும் பெரிய வீடு ஒன்றாவது இருக்கும். உள்ளே யாரோ தூக்கு மாட்டிக்கொண்டதாகக் கதையும் இருக்கும், பையன்கள் ராத்திரியில் போனை வைத்துக்கொண்டு வீடியோ எடுக்க வருவார்கள். சாவி வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். முப்பது பங்கு, ஆள் ஒவ்வொருவரும் ஒரு தேசத்தில், ஓடு மாற்றக் கையெழுத்துப் போட எல்லாரும் சேர்ந்து வந்தபாடில்லை என்பார். இதை வீடியோ எடுக்க ஒருவரும் வருவதில்லை.

சரி, மகளுக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் படத்தைப் போடுங்கள், கூடவே உட்காருங்கள். முடிந்ததும் டிவி தானாக அடுத்த படத்துக்குத் தாவப் பார்க்கும், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தடுங்கள். கடைசிப் பாட்டு ஓடும்போது பக்கத்தில் படங்கள் வரும். அம்மா காரிலிருந்து இறங்குவாள். பிள்ளைகள் இரண்டும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து குளிப்பார்கள், ஒரே படுக்கையில் படுத்துக் கதை கேட்பார்கள். நூறு தடவை பார்த்தவள் இதை ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாளா? பார்த்துவிட்டு என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். அண்ணன் மகன் என்ன சொன்னான் என்றும்.