‘பைசிக்கிள் தீவ்ஸ்’ எடுத்த இத்தாலியர் டி சிகா, இயக்குநராக ஆரம்பித்தது நகைச்சுவைப் படத்திலா?

ஆமாம். 1940-ல் வந்த ‘ரோசே ஸ்கார்லாத்தே’. ஜுசெப்பே அமாத்தோவோடு சேர்ந்து இயக்கி, கணவனாக அவரே நடித்தார். மூலம், ஆல்டோ தெ பெனெதெத்தியின் 1936 மேடை நாடகம். அதிலும் அதே வேடம் டி சிகாவுக்குத்தான்.

கணவன் வேறொரு பெண்ணுக்காக, ‘மர்மம்’ என்று கையெழுத்திட்டு இரண்டு டஜன் சிவப்பு ரோஜாக்களை அனுப்பச் சொல்கிறான். அவை மனைவி கைக்கு வந்துவிடுகின்றன. யாரோ தன்மேல் ஆசைப்படுகிறார் என்று அவள் முகம் மலர்கிறது. சரி, பார்ப்போமே என்று இவனும் தொடர்ந்து அனுப்புகிறான். அப்புறம், தானே உருவாக்கிய காதலன்மேல் தனக்கே பொறாமை! கணவனின் அந்தத் தவிப்புதான் இந்தக் கதையின் உயிர்.

ஒரு வேதனையான விஷயம்: தெ பெனெதெத்தி யூதர். இத்தாலியில் யூதர்களுக்கு எதிராக வந்த 1938-ன் இனச் சட்டங்களுக்குப் பிறகு பல படங்களுக்குப் பெயர் போடாமலே எழுத வேண்டியிருந்தது.