ஆபரேஷன் பண்ணியும் கட்டி ஏன் திரும்ப வருது?

கேள்வி: எங்க மாமாவுக்கு மூளைல கிளியோபிளாஸ்டோமாங்கற புற்றுக் கட்டி. ஆபரேஷன்ல முழுசா எடுத்தாச்சுன்னாங்க, 7 மாசத்துல பக்கத்துலயே திரும்ப வந்துருச்சு. டாக்டர் கேட்டா 'சுத்தி இருக்கற செல்லே அதுக்கு ஒத்தாசை பண்ணுது'ங்கறாரு. நம்ம செல்லே எப்படிங்க அப்படிப் பண்ணும்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: படிச்சதும் மனசு கனத்துப் போச்சும்மா. டாக்டர் சொன்னது நிஜம்தான். மூளைல நியூரான்ங்கற நரம்பு செல் எவ்வளவு இருக்கோ கிட்டத்தட்ட அதே அளவு கிளியா செல்லும் இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல விர்ச்சோங்கற ஜெர்மன் டாக்டர் இதுக்கு 'நரம்புப் பசை'ங்கற அர்த்தத்துல பேர் வச்சாரு, அதனாலயோ என்னவோ சும்மா ஒட்டி வைக்கற பொருள்னே ரொம்ப காலம் நினைச்சுட்டாங்க. ஆனா நியூரானுக்கு ஊட்டம் குடுக்கற ஆஸ்ட்ரோசைட், கிருமியையும் செத்த செல்லையும் விழுங்கற மைக்ரோகிளியா எல்லாமே இந்தக் கூட்டம்தான்.

உங்க கேள்விக்கு முக்கியமான ஆளு மைக்ரோகிளியா. கட்டி, சிஎஸ்எஃப்-1 மாதிரி ரசாயனத்த விட்டு இதுங்கள தன் பக்கம் இழுக்குது, ரத்தத்துல இருந்து மேக்ரோஃபேஜ்ங்கற, அதே மாதிரி கிருமிய விழுங்கற எதிர்ப்பு செல்லும் வந்து சேருது, ரெண்டும் சேர்ந்து கட்டில உள்ள செல்லுல 30 சதவீதத்துக்கு மேலகூட இருக்கும்னா பாத்துக்கோங்க. வந்ததுங்க கட்டிய அடிக்காம, புண்ண ஆத்தற மாதிரி வேலைல இறங்கிடுது. வளர்ச்சிக்கு வேண்டியத சுரக்குது, எதிர்ப்பு சக்திய அடக்குது, செல்லுக்கு நடுவுல இருக்கற இணைப்புப் பொருளைக் கரைக்கற என்சைமையும் விடுது. அந்த வழியாத்தான் புற்று செல்லு ஸ்கேன்ல தெரியற எல்லையத் தாண்டி நல்ல மூளைக்குள்ள ஊடுருவிப் போகுது. பெரும்பாலும் பழைய இடத்துக்கு 2 சென்டிமீட்டருக்குள்ளயே திரும்ப வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். அதனால சர்ஜன் சரியா எடுக்கலன்னு நினைக்காதீங்கம்மா, கண்ணுக்குத் தெரிஞ்சத அவரு எடுத்திருப்பாரு.

இந்த சிஎஸ்எஃப்-1 சிக்னலைத் தடுத்தா போதுமேன்னு தோணும். 2013ல எலிகள்ல பண்ணிப் பாத்தாங்க, கட்டி சுருங்குச்சு. ஆனா திரும்ப கட்டி வந்த மனுஷங்களுக்கு அதே வகை மருந்து ஒண்ணக் குடுத்தப்ப பலன் இல்ல. மைக்ரோகிளியா மட்டுமே காரணம் இல்ல, நியூரான்கூட கட்டியோட இணைப்பு போட்டு அத வளர்க்குதுன்னு 2019ல கண்டுபிடிச்சாங்க.

அடுத்த தடவை போறப்ப இன்னொரு ஆபரேஷனோ ரேடியேஷனோ பண்ண முடியுமா, சேர்ற மாதிரி மருந்து ஆராய்ச்சி எதாவது நடக்குதா, வலி தலைசுத்தலுக்கு என்ன வழின்னு எழுதி எடுத்துட்டுப் போய் கேளுங்க. வீக்கத்துக்குக் குடுக்கற ஸ்டீராய்டு மாத்திரைய மட்டும் டாக்டரைக் கேக்காம சட்டுனு நிறுத்திடாதீங்க.