கண் தாவினால் மாமன் நோய் வருமா?

கேள்வி: நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். என் அண்ணன் பத்து வருடமாக மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். போன மாதம் ஓர் இலவச முகாமில் என் மகனின் (வயது 16) கண் அசைவைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "மாமா நோய் இவனுக்கும் இறங்கியிருக்கிறது" என்றார்கள். முழுப் பரிசோதனைக்கும் 'கண் நரம்பு' மருந்துக்கும் 1,200 வெள்ளி கேட்கிறார்கள். அண்ணனுக்கும் ஆரம்பத்தில் ஒரு தடவை கண் மேலே சொருகிக்கொண்டது. அதுவும் இதுதானா? பணத்தைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

அவர்கள் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வராது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ரோட்டில் போவதைப் பாருங்கள். நம் கண் அதன் கூடவே வழுக்கிக்கொண்டு போகும். சிலருக்குக் கண் பின்தங்கி, ஒரு தாவு தாவிப் பிடித்து, மறுபடி பின்தங்கும். மனநோயாளிகளிடம் இது இருப்பதை 1908லேயே டீஃபென்டார்ஃப், டாட்ஜ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதிவிட்டார்கள். 1973ல் ஃபிலிப் ஹோல்ஸ்மன் குழுவினர் ஊசல் குண்டை ஆடவிட்டுப் பார்த்து அதையே மறுபடி கண்டார்கள். பிறகு நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தவர்களையும் சோதித்தபோது நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அதே தாவல். மரபு அடையாளம் என்ற பேச்சு வந்தது அங்கிருந்துதான்.

முகாம்காரர் அதோடு நிறுத்திக்கொண்டார். அந்தச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் நோயில்லாமல் நடமாடியவர்கள் என்பதைச் சொல்லவில்லை. குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாத சாதாரண ஜனங்களிலும் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் கண் தாவுகிறது. நோய் வருவதோ நூற்றில் ஒருவருக்கு. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தூக்கம் கெட்டாலும் தாவும், தூக்க மாத்திரை போட்டாலும் தாவும், கவனம் சிதறினாலும் தாவும். ராத்திரி இரண்டு மணி வரை போனில் கேம் ஆடிய பையனைக் கூட்டத்துக்கு நடுவில் உட்காரவைத்தால் வேறென்ன நடக்கும்? என்னை உட்காரவைத்தாலும் அதுதான்.

இந்த நோய்க்கென்று ஒரு தனி மரபணு கிடையாது. 2022ல் வந்த பெரிய ஆய்வு நம் மரபுத் தொகுப்பில் 287 இடங்களைக் காட்டியது, ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் நான்கு. மற்ற 96 பேருக்கு வருவதில்லை. ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்தக் கண் சோதனை உதவும். உங்கள் பையன் ஒருவனைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஒன்றைக் கவனித்தீர்களா? அண்ணன் கதையை நீங்கள் சொன்ன பிறகுதானே 'மரபு' என்ற முடிவு வந்தது? இந்த ஆட்கள் நம் தமிழில் "அக்கா, அக்கா" என்று உருகுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். டாக்டரின் பெயரையும் மருத்துவ மன்றப் பதிவு எண்ணையும் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். அந்த மருந்துப் புட்டியில் பதிவு எண் ஒட்டியிருந்தாலும் ஏமாறாதீர்கள். மனச்சிதைவு வராமல் தடுக்கும் மாத்திரை உலகத்திலேயே இல்லை.

ஜனங்கள் ஏன் முகாமுக்கு ஓடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். ஆனால் காலை முழுக்க நம்பர் வாங்கிக் காத்திருந்து ஐந்து நிமிடம் பேசினால், அடுத்த தடவை அந்த டாக்டர் மாற்றலாகிப் போயிருப்பார். கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலிக்கிறது. அது போதாதென்று, குடும்பத்தில் இந்த நோய் இருப்பதைச் சொன்னால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பழைய பயம் வேறு. அனுப்பமாட்டார்கள், சொல்லுங்கள். பையன் ஆட்களோடு பேசுவதை விட்டாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, காரணமில்லாமல் எல்லாரையும் சந்தேகப்பட்டாலோ மட்டும் அரசாங்க கிளினிக்குக்குப் போனால் போதும். கஞ்சா, ஷாபு போன்ற போதைப் பொருள் பக்கம் அவன் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்துப் பையனுக்கு அதுதான் நிஜ ஆபத்து.

சரி, அண்ணன் கண் சொருகியது. அது முற்றிலும் வேறு விஷயம், அதை அலட்சியம் செய்யக்கூடாது. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்தைத் தொடங்கிய, அல்லது அளவைக் கூட்டிய முதல் சில நாட்களில் சிலருக்குக் கண் மேலே போய் அப்படியே நின்றுவிடும். கழுத்து முறுக்கும், தாடை இழுக்கும். ஆள் முழு நினைவோடு இருப்பார், கண்ணைத்தான் கீழே கொண்டுவர முடியாது. பார்ப்பவர்களுக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். இப்படி ஓர் இளைஞனைக் கோவிலில் எலுமிச்சம்பழத்தோடு ராத்திரி முழுக்க உட்காரவைத்து, விடிந்த பிறகு என்னிடம் கொண்டுவந்தார்கள். ஒரு ஊசி போட்டோம், அரை மணி நேரத்தில் கண் இறங்கிவிட்டது. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு மாத்திரையாலும் இது வரும், அதற்கு மனநோயே வேண்டியதில்லை.

மறுபடி அப்படி வந்தால் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் மாற்றிக் கொடுப்பார். அண்ணனின் மருந்துப் பெயர், அளவு, "முன்பு ஒரு தடவை கண் சொருகியது" என்ற வரி, மூன்றையும் மலாயில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவருடைய பர்சில் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்.