புளியமரத்து முனியும் பம்புசெட் தண்ணீரும்

கத்திரி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி வெயிலைப் பற்றித்தான். நான் டாக்டர் இல்லை. அரூர், பென்னாகரம் பக்கம் முப்பது வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக நடந்தவள். பார்த்ததையும், பார்த்த பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

போன வருடம் மே கடைசியில் எங்கள் குத்தகைத் தோப்பில் பெங்களூரா காய் பறிக்கும்போது ஒருவர் திடீரென்று உளற ஆரம்பித்து விழுந்துவிட்டார். முனி அடித்துவிட்டது என்று பூசாரியைக் கூப்பிடப் போய்விட்டார்கள். அரைமணி நேரம் வீணாகி, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டார். சாதாரண மயக்கமா, வெயில் தாக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— மாந்தோப்புக் குத்தகைதாரர், காவேரிப்பட்டணம்

உங்கள் ஆட்களை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலேயே அதுதான் நடந்தது.

1991 ஏப்ரல். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது ஒரே மாவட்டம். நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். சித்தப்பா காலையிலிருந்து புளி உலுக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டரை மணிக்கு மரத்தை விட்டு இறங்கியவர், என்னைப் பார்த்து, செத்துப்போன பாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் சிரித்தோம். அடுத்து அத்தையைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஆயுசில் ஒரு வார்த்தை அதிகம் பேசாத மனிதர். பத்தடி நடந்து சாய்ந்துவிட்டார்.

"உச்சிப்பொழுது, புளியமரம். முனி அடிச்சிருச்சு" என்று அத்தை வேப்பிலை ஒடிக்க ஓடினாள். நான் படித்தவள் இல்லையா, பையைத் திறந்து பாராசிட்டமால் எடுத்தேன். நெற்றி தோசைக்கல் மாதிரி கொதித்தது. மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றினேன். புரையேறிக் கண் செருகியது. என் கையாலேயே அவரைக் கொன்றிருப்பேன்.

காப்பாற்றியது பக்கத்துக் காட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பையன். பதினாறு வயதிருக்கும். "மொதல்ல ஒடம்ப நனைங்கக்கா" என்று சொல்லி, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போய் பம்புசெட் தொட்டியோரம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுக்கத் தண்ணீரைத் திருப்பிவிட்டான். கால் மணி நேரத்தில் முனக ஆரம்பித்தார். 108 எல்லாம் 2008இல்தான் வந்தது. பால் வண்டியில், ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு அரூருக்குப் போனோம். மூத்திரம் டிக்காஷன் நிறத்தில் போனது. சிறுநீரகம் தேறி வீடு திரும்ப ஒன்பது நாள் ஆனது. அதற்குப் பிறகு கடைசிவரை சித்தப்பாவுக்கு வெயில் ஆகவில்லை. பத்து மணிக்கு மேல் திண்ணையை விட்டு இறங்கமாட்டார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தலைவலி, வாந்தி, கெண்டைக்கால் பிடிப்பு, தலைசுற்றல், ஆனால் பேச்சு தெளிவு என்றால் அது வெயில் சோர்வு. நிழலில் படுக்கவைத்து உப்பு போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ கொடுத்தால் அரைமணி நேரத்தில் எழுந்துவிடுவார். எழவில்லை என்றால் ஆஸ்பத்திரி. பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாவிட்டால், காரணமில்லாமல் சண்டைக்கு வந்தால், வலிப்பு வந்தால் வெயில் தாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் உள்சூடு 40 டிகிரியை, அதாவது 104 பாரன்ஹீட்டைத் தாண்டி மூளையைத் தொட்டிருக்கும். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் குறைத்துத்தான் காட்டும், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வியர்க்கிறதே, அப்புறம் எப்படி வெயில் தாக்கு என்றும் சொல்லாதீர்கள். வீட்டில் கிடக்கும் வயசானவர்களுக்குத் தோல் காய்ந்திருக்கும். வேலை செய்துகொண்டே விழுகிறவர்களுக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம்.

தோப்பில் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கூடை ஆச்சு?" கூலிக்காரர் எதை மறந்தாலும் கூடைக் கணக்கை மறக்கமாட்டார். அதில் தடுமாறினால் உடனே 108க்குப் போன். வண்டி வரும்வரை துணியைத் தளர்த்தி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், துண்டால் விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். முதல் அரைமணி நேரம்தான் உயிர். பூசாரி வரட்டும், யார் வேண்டாம் என்றது? அவர் வந்து சேரும்போது ஆள் நனைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பாராசிட்டமாலும் வேண்டாம். காய்ச்சலில் உடம்பே சூட்டை ஏற்றிவைக்கிறது, மாத்திரை அதை இறக்கிவைக்கும். இங்கே உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் தோற்றுப்போயிருக்கிறது, மாத்திரைக்கு அதில் வேலையே இல்லை.

சின்ன வெங்காயத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் வெயில் தாக்காது என்கிறார்களே?
— வாசகர், காரிமங்கலம்

பையில் இருக்கும் வெங்காயத்தால் பைக்குத்தான் வாசம். கம்மங்கூழுக்குக் கடித்துக்கொள்ளுங்கள். கூழில் இருக்கும் தண்ணீரும் உப்பும் காப்பாற்றும், பெயர் வெங்காயத்துக்குப் போகட்டும்.

தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறோம். குளுக்கோஸ், இளநீர், கலர், எது நல்லது?
— பாலக்கோடு

கலர் வேண்டாம். வெறும் குளுக்கோஸில் உப்பு கிடையாது. உங்களுக்கு வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். உப்பு போட்ட நீராகாரம், நீர்மோர் போதும். இளநீர் நல்லதுதான், ஆனால் இருக்கும் விலைக்கு ஒருவர் எத்தனை குடிப்பது? ரொம்ப வியர்த்துத் தளர்ந்த நாளில் ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அது இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய டீஸ்பூனில் சர்க்கரை 6, உப்பு அரை. உப்பைக் கைநிறைய அள்ளிப் போடாதீர்கள், அது வேறு வம்பு. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர்.

பெங்களூரில் கட்டட வேலை செய்யும் மகன் திருவிழாவுக்கு வந்தான். மறுநாளே கடலைக்காட்டில் இறங்கி மயங்கி விழுந்தான். வெயிலில் வேலை செய்து பழகியவனுக்கு எப்படி?
— ஒரு தாய், பர்கூர்

அவன் பழகியது பெங்களூர் வெயில், அம்மா. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பெங்களூரும் அப்படித்தான். கிருஷ்ணகிரி அதில் பாதி உயரம். ஓசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் இறங்கி வந்தாலே வேறு ஊர் வெயில். அதிகமாகவும் சீக்கிரமாகவும் வியர்க்கவும், அந்த வியர்வையில் உப்பை மிச்சம் பிடிக்கவும் உடம்பு கற்றுக்கொள்ள ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் கால்வாசி வேலை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். முந்தின நாள் ராத்திரி தூங்காமல் கூத்து பார்த்தானா, குடித்தானா என்றும் விசாரியுங்கள். எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

அம்மாவுக்கு 72 வயது. வெளியிலேயே போவதில்லை, ஷீட் போட்ட வீட்டுக்குள்தான். ரத்தக்கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்குமா பயம்?
— ஊத்தங்கரை

அவருக்குத்தான் அதிகம். வெயில் தாக்கு என்றால் நடுக்காட்டில் விழுவது என்று நினைக்கிறோம். ஷீட் வீடு சாயங்காலம் ஆனாலும் அடுப்பு மாதிரி இருக்கும், வயசானால் தாகமும் சரியாகத் தெரியாது. நீர் மாத்திரை வேறு தண்ணீரை இழுத்துவிடும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கோடை தொடங்கும்போதே டாக்டரிடம் காட்டி அளவை மாற்ற வேண்டுமா, தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுவிடுங்கள். ஷீட் மேல் தென்னங்கீற்று பரப்புங்கள், அல்லது சுண்ணாம்பு அடியுங்கள். மதியம் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போடுங்கள். காற்றே 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நேரத்தில் ஃபேன் அனலைத்தான் வாரி வீசும். புடவையை நனைத்துப் போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். வேலைக்குப் போயிருந்தாலும் இரண்டு மணிக்கு ஒரு போன் செய்யுங்கள், பேச்சில் தெரிந்துவிடும்.

வெயிலில் இறந்தால் அரசு உதவி உண்டா?
— மத்தூர்

உண்டு. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று மருத்துவ ரீதியாக உறுதியாக வேண்டும். நம் ஊரில் நெஞ்சுவலி என்று சொல்லி சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுகிறோம், அப்புறம் எதை வைத்துக் கேட்பது?

நூறு நாள் வேலைக்குப் போகிறேன். தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்கிறீர்கள். குடித்தால் ஒதுங்க இடம் எங்கே?
— பெயர் வேண்டாம், பென்னாகரம்

இந்தக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். ஏனென்றால் நானும் குடித்ததில்லை. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒகேனக்கல் ரோட்டை ஒட்டிய ஊர்களுக்கு நடந்த நாட்களில், காலையில் ஒரு டீ, அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். நீர்க்கடுப்பு வருடத்துக்கு மூன்று தடவை. 2003 மே மாதம் ஒரு வீட்டு வாசலில், கையில் போலியோ சொட்டு மருந்தோடு மயங்கி உட்கார்ந்தேன். அந்த வீட்டுக் கிழவி முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, கேட்காமலேயே கொல்லைப்புறத்தைக் காட்டினாள். "எல்லாருக்கும் சொல்ற, உனக்கு யாரு சொல்றது?" என்றாள்.

வேலை செய்யும் இடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று 2005இல் வந்த வேலை உறுதிச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். மறைப்புக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி, நாலு பெண்கள் சேர்ந்து கிராமசபையில் மனு எழுதிக் கொடுங்கள். தனியாகப் போனால் சிரிப்பார்கள். அது வரும்வரை, வேலைத்தளத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை உள்ள வீடு எது என்று முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் இல்லை என்று சொன்ன வீட்டை முப்பது வருடத்தில் நான் இரண்டுதான் பார்த்தேன். கேட்கத்தான் எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது.