டக்ளஸ் கேடயத்தில் ஓர் இதயம்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்காட்லாந்துக் குலமான டக்ளஸின் பெயர் ஆள் பெயரா, ஊர்ப் பெயரா?

ஊர்ப் பெயர்தான். தெற்கு ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷரில் டக்ளஸ் என்றே ஓர் ஊரும் ஆறும் இருக்கின்றன. கேலிக் மொழியில் கருநீரோடை என்று பொருள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் என்பவர் அந்த ஊரைத் தம் பெயரோடு சேர்த்துச் சாசனங்களில் சாட்சியாக வருகிறார். ஷோல்ட்டோ என்ற கறுத்த வீரனால் இந்தப் பெயர் வந்தது என்ற கதை பிற்காலக் கற்பனை.

கேள்வி: கேடயத்தில் கிரீடம் சூடிய சிவப்பு இதயம் எதற்கு ஐயா?

அது ஒரு ஸ்காட்லாந்து மன்னரின் இதயம். ராபர்ட் தி புரூஸ் 1329இல் இறந்தார். சிலுவைப் போருக்குப் போகும் ஆசை நிறைவேறாததால், தம் இதயத்தையாவது கொண்டுபோகச் சொன்னார். அவருடைய தளபதி ஜேம்ஸ் டக்ளஸ் அதை ஒரு பேழையில் வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு புறப்பட்டார். எருசலேம் போய்ச் சேரவில்லை. 1330இல் ஸ்பெயினின் தேபா என்ற இடத்தில், கிரனாடா முஸ்லிம் படையோடு நடந்த போரில் மாண்டார். இதயம் ஊர் திரும்பி மெல்ரோஸ் மடாலயத்தில் அடக்கமானது. அங்கே தோண்டியெடுத்த ஈயப் பேழையை 1998இல் மீண்டும் புதைத்தார்கள். பேழையைப் பகைவர் நடுவே வீசிவிட்டுப் பாய்ந்தார் என்பது பின்னாளில் ஒட்டிய அலங்காரம்.

இதில் வேடிக்கை, ஜேம்ஸின் கேடயத்தில் இதயமே கிடையாது. வெள்ளைப் பரப்பு, மேலே நீலப் பட்டை, அதில் மூன்று வெள்ளி நட்சத்திரங்கள், அவ்வளவுதான். இதயத்தைச் சேர்த்தவர்கள் வாரிசுகள். கிரீடம் அதற்கும் பிந்தியது.

கேள்வி: இன்னொரு ஸ்காட்லாந்துக் குலமான மர்ரே குடும்பத்துக்கும் மூன்று நட்சத்திரங்கள் உண்டே?

உண்டு. இரு குலத்துக்கும் மூதாதை ஒருவரே என்ற ஊகம் அதனால் எழுந்ததுதான்.

கேள்வி: கறுப்பு டக்ளஸ், சிவப்பு டக்ளஸ் யார்?

ஒரே குலத்தின் இரு கிளைகள். கறுப்பர் மூத்த கிளை, சிவப்பர் ஆங்கஸ் ஏர்ல்களின் கிளை (ஏர்ல் என்பது பிரபுப் பட்டம்). கறுப்பரின் செல்வாக்கு அரசையே மிரட்டியது. 1440இல் இளம் ஏர்லையும் அவர் தம்பியையும் எடின்பரோ கோட்டைக்கு அழைத்துத் தலையை வெட்டினார்கள். 1452இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர், பாதுகாப்பு வாக்குறுதி தந்து வரவழைத்த எட்டாம் ஏர்லை ஸ்டர்லிங் கோட்டையில் தம் கையாலேயே குத்தினார். 1455இல் அவர்கள் நிலமெல்லாம் பறிபோனது. சிவப்பர் மன்னர் பக்கம் நின்று பிழைத்தார்கள்.

கேள்வி: என் கணவரின் குடும்பப் பெயர் டக்ளஸ். இணையத்தில் வாங்கிய 'குடும்பச் சின்னத்தை' வாசலில் மாட்டலாமா?

சுவருக்கு அழகு, அவ்வளவே. உங்கள் கணவருடையது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி கேடயச் சின்னம் குடும்பத்துக்கு அல்ல, தனி மனிதருக்கு உரியது. எடின்பரோவில் லார்ட் லயன் என்ற அதிகாரி, 1672ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குப் பதிவேடு வைத்திருக்கிறார். அங்கே இன்னொருவர் சின்னத்தைத் தமதாகக் காட்டினால் வழக்கே வரும். வார்ப்பட்டை வளையத்துக்குள், தீயின் நடுவே பச்சை சாலமாண்டர் (பல்லி போன்ற உயிரினம்) உள்ள பேட்ஜை உங்கள் கணவர் தாராளமாக அணியலாம். அது குலத்தைச் சேர்ந்தவர் என்பதற்கான அடையாளம்.

கேள்வி: இன்றைய குலத் தலைவர் யார்?

யாரும் இல்லை. உரிமை உள்ளவர்கள் டக்ளஸ்-ஹாமில்டன், டக்ளஸ்-ஹோம் என்று இரட்டைப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரட்டைப் பெயர்க்காரரை லார்ட் லயன் தலைவராக ஏற்பதில்லை. 1963இல் பிரிட்டிஷ் பிரதமரானபின் ஏர்ல் பட்டத்தையே துறந்த அலெக் டக்ளஸ்-ஹோம் இந்த வழியில் வந்தவர்தான்.