ஆண்டிறுதியில் விசாவும் வீடும்: வெளிநாட்டில் படிக்கும் மலையக மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் பிள்ளைகளும் மலையகத்தில் இருக்கும் அவர்களது பெற்றோரும் டிசம்பர் மாதத்தில் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். விசா விதிகள் யாவும் 2025 டிசம்பரில் நடைமுறையில் இருந்தவை. ஒவ்வொரு பதிலையும் உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள்.

கேள்வி (லெஸ்டரில் முதுமாணி படிக்கும் ஹட்டன் மாணவர்): ஆய்வுக் கட்டுரையைச் சமர்ப்பித்துவிட்டேன், பெறுபேறு இன்னும் வரவில்லை. மாணவர் விசா ஜனவரி இறுதியில் முடிகிறது. தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்து, பட்டதாரி விசாவுக்கு ஊரிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று முகவர் சொல்கிறார். அது சரியா, ஐயா?

பதில்: சரியில்லை, தம்பி. படிப்பு முடிந்த பின் இரண்டு ஆண்டுகள் தங்கி வேலை செய்ய உதவும் பிரித்தானியாவின் பட்டதாரி விசாவுக்கு அந்த நாட்டுக்குள் இருந்துகொண்டு, கையிலுள்ள மாணவர் விசா முடிவதற்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். இலங்கையிலிருந்து விண்ணப்பிக்க வழியே கிடையாது. அதற்கும் முன்னதாக, நீங்கள் படிப்பை வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள் என்பதைப் பல்கலைக்கழகம் உள்துறை அமைச்சுக்கு அறிவித்திருக்க வேண்டும். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அந்த அறிவிப்பு போகாமல் நீங்கள் அனுப்பும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். பெறுபேறு எந்தத் தேதியில் உறுதியாகும், எந்தத் தேதியில் உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கப்படும் என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். விசா முடியும் நாளுக்குள் அறிவிப்பு போகாது என்று சொன்னால், அடுத்து என்ன செய்யலாம் என்பதை அதே அலுவலகத்தோடு உடனே பேசுங்கள். ஜனவரி கடைசி வாரத்தில் போய் நின்றால் அவர்களாலும் எதுவும் செய்ய முடியாமல் போகும்.

மாணவர் விசா செல்லுபடியாக இருக்கும்போதே ஊருக்கு வந்து, அது முடிவதற்குள் திரும்புவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆயினும் உங்கள் நிலையில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு விமானம் இரத்தானாலும் இரண்டு ஆண்டு வாய்ப்பு கைநழுவிப் போகும். விண்ணப்பித்த பிறகு முடிவு வரும் முன் நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பம் மீளப்பெறப்பட்டதாகவே கருதப்படும். இந்த ஒரு விதியை அறியாமல் அம்மாவின் சுகவீனத்துக்கென்று புறப்பட்டு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விசா கைக்கு வந்த பின் ஆறுதலாக வாருங்கள். இந்தப் பொங்கலைத் தொலைபேசியில் கொண்டாடுவதில் தவறில்லை.

செலவையும் இப்போதே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தவிர, சுகாதாரக் கட்டணமாக ஆண்டொன்றுக்கு 1,035 பவுண் வீதம் இரண்டு ஆண்டுக்குரியதை ஒரே தடவையில் செலுத்த வேண்டும். வங்கியில் பணம் வைத்துக் காட்டத் தேவையில்லை. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு இந்த விசா 18 மாதங்களாகக் குறைகிறது; கலாநிதிப் பட்டம் முடிப்போருக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் அப்படியே இருக்கும். அடுத்த ஆண்டு படிப்பைத் தொடங்கவிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

கேள்வி (கொட்டகலையிலிருந்து ஒரு தந்தை): விடுமுறைக்கு வந்திருக்கும் மகனின் பிரித்தானிய வதிவிட அட்டையில் 2024 டிசம்பர் 31 என்று முடிவுத் தேதி இருக்கிறது. கட்டுநாயக்கவில் நிறுத்திவிடுவார்களா?

பதில்: அட்டையில் அந்தத் தேதி இருப்பதால் விசா முடிந்துவிட்டதாக ஆகாது. அட்டை முறையே கைவிடப்பட்டு, இப்போது எல்லாம் இணையவழிப் பதிவாக மாறியிருக்கிறது. மகன் தமது குடிவரவுக் கணக்கைத் திறந்து, இப்போது கையிலுள்ள கடவுச்சீட்டின் இலக்கம் அதில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பித்து, புதிய இலக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டவர்களுக்குத்தான் விமான நிறுவனத்தின் மேசையில் சிக்கல் வருகிறது. புறப்படுவதற்கு முந்தைய இரவில் அல்ல, ஒரு வாரம் முன்னதாகவே இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கொவன்றியில் படிக்கும் பண்டாரவளை மாணவி): நத்தார் விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாமா? தோழியொருத்தி முதுமாணி படிக்கிறாள். அவளுக்கும் இதே விதிதானா?

பதில்: பட்டப்படிப்பு மாணவர்களுக்குத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம், பல்கலைக்கழகம் அறிவித்த விடுமுறையில் முழுநேரம் என்பதே விதி. வாரம் என்பது திங்கள் தொடங்கி ஞாயிறு வரை. ஒரு வாரம் 15, மறுவாரம் 25 என்று செய்துவிட்டுச் சராசரி 20 என்று வாதாட முடியாது. தோழி நத்தார் விடுமுறை தமது பாடநெறிக்கும் விடுமுறைதானா என்று கேட்டுக்கொள்ளட்டும், ஏனெனில் முதுமாணி மாணவர்களுக்கு, குறிப்பாக ஆய்வுக் கட்டுரை எழுதும் கோடைக்காலம், மற்றவர்களுக்கு விடுமுறையாக இருந்தாலும் தவணைக் காலமாகவே கொள்ளப்படும். தவணை அட்டவணையை அச்சிட்டு வேலை கொடுப்பவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

இன்னொருவர் பெயரில் உள்ள உணவு விநியோகச் செயலிக் கணக்கை வாடகைக்கு எடுத்துச் சைக்கிளில் ஓடுவது இப்போது பரவலாகி வருகிறது. மாணவர் விசாவில் சுயதொழில் செய்யவே கூடாது. கணக்கும் பிறருடையது என்பதால் இரட்டைத் தவறாகிறது. பிடிபட்டால் விசா போவதோடு, பின்னர் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாடகை கட்டப் பணமில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் இடர்கால உதவி நிதியைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, அது உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது.

மற்ற நாடுகளைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். தவணைக் காலத்தில் அவுஸ்திரேலியாவில் இரு வாரங்களுக்கு 48 மணித்தியாலம், கனடாவில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24, ஜப்பானில் தனி அனுமதி பெற்ற பின் வாரத்துக்கு 28.

கேள்வி (மெல்பேர்ணில் இருக்கும் மஸ்கெலியா மாணவர்): நவம்பரில் படிப்பு முடிந்தது. விசா மார்ச் 15 வரை இருக்கிறது. அப்பாவுக்கு இருதயச் சத்திரசிகிச்சை. 485 விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு வந்து பார்த்துத் திரும்பலாமா?

பதில்: வரலாம், ஆனால் வரிசை மாறக் கூடாது. படிப்பு முடித்தோர் தற்காலிகமாகத் தங்கி வேலை செய்வதற்கான 485 விசாவுக்கு அவுஸ்திரேலியாவுக்குள் இருந்தே, படிப்பு முடிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், மாணவர் விசா கையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். இங்கே படிப்பு முடிந்த நாள் என்பது பல்கலைக்கழகம் உங்கள் நிறைவுக் கடிதத்தில் குறிப்பிடும் நாளாகும். பட்டமளிப்பு விழா நாளை வைத்துக் கணக்கிடாதீர்கள். மத்திய பொலிஸ் நற்சான்றுக்கு விண்ணப்பித்த ஆதாரம், சுகாதாரக் காப்புறுதி, ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு ஆகிய மூன்றும் விண்ணப்பிக்கும் நாளிலேயே கையில் இருக்க வேண்டும். பொலிஸ் நற்சான்றை மறந்துவிட்டு நிராகரிக்கப்பட்டவர்கள் பலர்.

விண்ணப்பித்ததும் உங்களுக்கு இடைக்கால விசா ‘ஏ’ வகை கிடைக்கும். மாணவர் விசா முடிந்ததும் அது நடைமுறைக்கு வரும். நாட்டுக்குள் தங்கியிருக்க அது போதும், ஆனால் வெளியேறினால் அதை வைத்துக்கொண்டு திரும்பி நுழைய முடியாது. மார்ச் 15க்கு முன் போய்த் திரும்புவதானால் மாணவர் விசாவிலேயே பயணம் செய்யுங்கள். அந்தத் தேதியைத் தாண்டும் சாத்தியம் சிறிதளவு இருந்தாலும், புறப்படும் முன் ‘பி’ வகை இடைக்கால விசாவைப் பெற்றுக்கொள்ளுங்கள். அப்பாவின் வைத்தியசாலைக் கடிதத்தை அதற்குக் காரணமாக இணைக்கலாம். அப்பா நலமாக எழுந்து நடக்கட்டும்.

கேள்வி (தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்): மகள் அடுத்த ஆண்டு பட்டம் பெறுகிறாள். பிறப்புச் சான்றிதழில் அவளுடைய அப்பாவின் பெயர் ஒரு விதமாகவும், உயர்தரச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும், கடவுச்சீட்டில் வேறொரு விதமாகவும் இருக்கிறது. இப்போதே என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கும் மேல் இந்தக் கேள்வியின் ஏதோ ஒரு வடிவம்தான். தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பெயரைத் தோட்ட அலுவலகத்தில் ஒருவர் கேட்டு எழுதினார், பதிவாளர் இன்னொரு விதமாக எழுதினார், பாடசாலையில் ஆசிரியர் மூன்றாவது விதமாக எழுதினார். சில இடங்களில் முழுச் சான்றிதழும் சிங்களத்தில் மட்டுமே இருக்கும். அதில் உங்களது தவறோ உங்கள் கணவரது தவறோ ஒன்றுமில்லை.

வெளிநாட்டில் கடவுச்சீட்டில் உள்ள பெயர்தான் பெயர். அதனால் மகள் முதலில் பல்கலைக்கழகப் பதிவில் தன் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, பட்டதாரிகள் பட்டியல் இறுதியாகும் முன் திருத்திக்கொள்ளட்டும். பட்டச் சான்றிதழ் அச்சான பிறகு மாற்றுவது மிகவும் கடினம். நம் பெயர்களில் தந்தையின் பெயர் முன்னால் வருவதால், பிள்ளையின் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராகப் பதிந்துவிடுவார்கள். அதை இப்போது மாற்றப் போய்க் குழப்பிக்கொள்ளாமல், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

இங்கே உங்கள் பங்கு இது. பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியொன்றைப் பிரதேச செயலகத்தில் பெற்று, பிழை எந்த நிரலில் இருக்கிறது என்று பாருங்கள். எழுத்துப் பிழையாக இருந்தால் அங்குள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். திருத்தம் முடியும் வரை, இந்தப் பெயர்கள் யாவும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். சிங்களச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வெளிநாட்டில் கேட்டால் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தலாம். இதற்குக் கொழும்பு வரை போக வேண்டியதில்லை, கண்டியிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

வீட்டில் தாத்தா பாட்டியின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, பின்னர் பதிவின் மூலம் அதைப் பெற்ற குடும்பங்களில், கடவுச்சீட்டு வேலைகளுக்கு அந்தப் பழைய தாள் இன்றும் கேட்கப்படுவதுண்டு.

கேள்வி (பிரித்தானியாவில் படிக்கும் பதுளை மாவட்ட மாணவர்): டித்வா புயலின்போது ஏற்பட்ட மண்சரிவில் எங்கள் லயன் முழுவதும் போய்விட்டது. வீட்டார் முகாமில் இருக்கிறார்கள். என் சான்றிதழ்களும் அங்கேதான் இருந்தன. படிப்பை நிறுத்திவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: உங்கள் வீட்டார் உயிருடன் இருப்பது பெரிய ஆறுதல், தம்பி. போக நினைப்பது இயல்பு. ஆனால் படிப்பை இடைநிறுத்துவதும் அனுமதியோடு விடுப்பில் போவதும் விசாவின் கண்ணில் வேறு வேறு. காரணம் சொல்லி, குறுகிய காலத்துக்கு அனுமதி பெற்றுப் போனால் பல்கலைக்கழகம் உங்கள் விசாவுக்குத் தரும் அனுசரணையைத் தொடர முடியும். 60 நாட்களுக்கு மேல் படிப்பிலிருந்து விலகியிருப்பதானால், பொதுவாக அவர்கள் அனுசரணையை மீளப்பெற வேண்டும். விசா குறைக்கப்படும், திரும்பி வருவதற்குப் புதிய அனுமதிக் கடிதமும் புதிய விசாவும் வேண்டும், கட்டணமும் மறுபடி. எனவே முதலில் விடுப்பையும், ஒப்படைகளுக்கும் பரீட்சைக்கும் கால நீடிப்பையும், இடர்கால உதவி நிதியையும் ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வீடு இழந்ததற்கான கடிதமொன்றை வீட்டார் பெற்று, அதைப் படமெடுத்து அனுப்பினால் போதும்.

சான்றிதழ்களைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்திலும், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலும் இணையவழியில் விண்ணப்பித்தே பெறலாம். தொலைந்தவற்றுக்குப் பொலிஸ் முறைப்பாடு ஒன்றை வீட்டார் பதிந்து வைத்தால் மற்ற வேலைகள் இலகுவாகும்.

கேள்வி (ராகலையிலிருந்து ஒரு தந்தை): ஊழியர் சேமலாப நிதியை எடுத்து, நகைகளையும் அடகு வைத்து மகனை அனுப்பினோம். வருகை குறைவு என்று பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்ததாக நண்பர் மூலம் கேள்விப்பட்டோம். மகன் ஒன்றும் சொல்வதில்லை. நாங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் மகன் சம்மதிக்காமல் அவரைப் பற்றிய எந்தத் தகவலையும் அவர்கள் பெற்றோருக்குத் தர மாட்டார்கள், அங்கே அவர் வயதுவந்தவர். அவருடைய நலன் பற்றிய கவலையை மாணவர் நலன் பிரிவுக்குத் தெரிவித்தால், அவர்கள் அவரை அழைத்துப் பேச முடியும்.

அதைவிட முக்கியம், பணத்தைப் பற்றி இப்போது ஒரு வார்த்தையும் பேசாதீர்கள், ஐயா. அந்தக் கடனை நினைத்தே அவர் பேசாமல் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் எச்சரிக்கைக் கடிதத்தோடு யாரையும் நாடு கடத்துவதில்லை. உடனே போய்க் காரணத்தைச் சொன்னால் திருத்திக்கொள்ள இடம் தருவார்கள். பல்கலைக்கழகம் அனுசரணையை நிறுத்திய பின்தான் நிலைமை இறுகும். பிரித்தானியாவாக இருந்தால் வழக்கமாக 60 நாள் அவகாசமே கிடைக்கும். அந்த நேரத்தில் வேறு வழி இருக்கிறது என்று பணம் கேட்டு வரும் ஆட்களிடம் அவர் சிக்கிவிடக் கூடாது. வீட்டுக்குத் திரும்பி வந்தாலும் எங்களுக்குச் சம்மதம் என்று நீங்கள் சொல்லிவிட்டால், அவர் வாய் திறப்பார்.

கேள்வி (சென்னையில் இளமாணி படிக்கும் நானுஓயா மாணவி): விசாவை நீடிப்பது எப்படி? இந்தப் பட்டம் இலங்கையில் அரசாங்க வேலைக்குச் செல்லுமா?

பதில்: 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர்கள் 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையத்தளத்தில் பதிந்திருக்க வேண்டும், நீடிப்பும் அதே இணையத்தளத்தின் ஊடாகத்தான். கல்லூரியின் சான்றுக் கடிதம் தேவைப்படும் என்பதால், அலுவலகம் விடுமுறைக்கு மூடும் முன் வாங்கிவிடுங்கள். மாணவர் விசாவில் அங்கே வேலை செய்ய அனுமதியில்லை.

பட்டத்தைப் பொறுத்தவரை, நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கல்லூரியைப் பார்ப்பதில்லை, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பார்க்கிறது. பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்க வேண்டும். பெயரை ஆணைக்குழுவுக்கு எழுதி, அங்கீகாரத்தை இப்போதே கடிதமாகக் கேட்டு வையுங்கள். ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் கோரும்போது தேடி அலைய வேண்டியிராது.