போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேடுவோர் கேட்டவை

கேள்வி: முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வான வைவா முடிந்து ஐந்து மாதங்களாகின்றன. விளம்பரங்களைப் பார்த்து இருபது இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு பதிலும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: விளம்பரத்திலிருந்து தேடலைத் தொடங்கியதுதான் பிழை என்று கருதுகிறேன். உங்கள் ஆய்வேட்டில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டியவை எந்த ஆய்வகங்களின் கட்டுரைகள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு பெயர்களே உங்களுக்கான பட்டியல். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்' என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே நகலாகச் செல்லும் மின்னஞ்சலைப் பேராசிரியர்கள் முதல் வரியிலேயே அடையாளம் கண்டுவிடுவார்கள். அதற்கு மாறாக, அவருடைய அண்மைக் கட்டுரையில் விடைகாணாமல் நிற்கும் கேள்வி எது, உங்களுக்குக் கைவந்த எந்த நுட்பம் அதற்கு உதவும், எப்போது சேர முடியும் என்பவற்றை இரண்டு பத்திகளில் எழுதுங்கள். 'இடம் காலியாக உள்ளதா' என்று மட்டும் கேட்டால், திட்ட நிதி இல்லாதவர் 'இல்லை' என்றுதான் சொல்ல முடியும். 'உங்களை வழிகாட்டியாகக் கொண்டு ஃபெலோஷிப்புக்கு (ஆய்வு உதவித்தொகைக்கு) விண்ணப்பிக்க விரும்புகிறேன்' என்று எழுதினால், பணம் வேறிடத்திலிருந்து வரும் என்பதால் அவரே சம்மதிக்கக்கூடும்.

கேள்வி: பேராசிரியர் ஒருவரின் ஆய்வுத் திட்டத்தில் ரிசர்ச் அசோசியேட் (ஆய்வு இணையர்) வேலை, சொந்தப் பெயரில் பெறும் ஃபெலோஷிப், இரண்டில் எது மேல்?

பதில்: பணம் யாருடையது என்பதைப் பொறுத்தது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023இல் திருத்திய விகிதப்படி, அசோசியேட்டுக்கு மூன்று நிலைகளில் மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்பதால், இன்னும் எத்தனை மாதங்களுக்கு நிதி இருக்கிறது என்பதை நேர்காணலிலேயே கூசாமல் கேளுங்கள். முன்பு மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (எஸ்இஆர்பி) நடத்திய தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப், இப்போது 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) சி.வி. ராமன் ஃபெலோஷிப், சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் போஸ்ட்டாக் இடங்கள் போன்றவற்றில் நிறுவனமே ஊதியம் தருவதால், ஆய்வுப் பொருளைத் தேர்வதில் ஓரளவு சுதந்திரம் கிடைக்கும். தகுதியிருந்தால் நான் இந்த வகையையே முதலில் முயல்வேன்.

கேள்வி: ஒன்றரை ஆண்டாக ஜெர்மனியில் பணியாற்றுகிறேன். இதே நகரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப் பெறலாமா?

பதில்: இயலாது. விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்த அல்லது பணியாற்றிய நாட்டைப் பொதுவாகத் தேர்வு செய்ய முடியாது. பெல்ஜியத்துக்கோ ஸ்வீடனுக்கோ விண்ணப்பிக்க இவ்விதி தடையில்லை. கடைசி நாள் பெரும்பாலும் செப்டம்பரில் வரும். உங்களை ஏற்கும் பேராசிரியரோடு சேர்ந்து எழுத வேண்டிய விண்ணப்பம் என்பதால், மே மாதத்துக்குள் அவரது சம்மதத்தைப் பெற்றுவிடுவது நல்லது.

கேள்வி: பட்டச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை.

பதில்: பல இடங்களில் தற்காலிகச் சான்றிதழே போதும்.

கேள்வி: என் நெறியாளருடன் மனத்தாங்கல். பரிந்துரைக் கடிதம் கேட்கத் தயக்கமாக உள்ளது.

பதில்: உங்கள் முனைவர் பட்ட ஆய்வைக் கண்காணித்த குழுவின் உறுப்பினர் ஒருவரும், உங்களோடு கட்டுரை எழுதிய வெளி ஆய்வாளர் ஒருவரும் எழுதித் தரலாம். நெறியாளரின் கடிதம் ஏன் இல்லை என்று கேட்பார்கள். குற்றம் சாட்டாமல் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். எனினும் அவரிடம் ஒருமுறை நேரில் கேட்டுவிடுங்கள். ஆய்வேடு முடிந்த பிறகு பலரது கோபம் தணிந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன்.